நேர்ந்துவிட்ட உடம்பு

மாமியாரின் கையிலிருந்த பஞ்சைப் பார்த்ததுமே அகிலாவுக்கு அது யார் வீட்டுப் பஞ்சு என்று தெரிந்துவிட்டது.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் கொரோனா தடுப்பூசி முகாம் போட்டிருந்தார்கள். பெண்களுக்கென்று ஒரு வகுப்பறையை ஒதுக்கி, வாசலில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அகிலாவுக்கு இரண்டு தவணையும் போன மாதமே முடிந்திருந்தது. மாமியார் ஏலவார்குழலிக்குத்தான் அன்று இரண்டாவது. ஏலவார்குழலி மேஜையில் பெயரைப் பதிந்துவிட்டு, திரையை ஒதுக்கி உள்ளே போனாள். தண்ணீர் பாட்டிலை அவள் மறந்துவிட்டாளே என்று அகிலா வகுப்பறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவுக்குப் போனாள்.

உள்ளே ஊசி போடும் பெண் குனிந்து யாருடைய கையையோ துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், பெஞ்சுகளுக்கு இடையில், ஏலவார்குழலி அவசரமே இல்லாமல் நடந்து பின்கதவு வழியே வெளியே வந்தாள். குழாயடியில் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த சின்ன பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு பஞ்சை எடுத்தாள். ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டு அதை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அகிலா தூணுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டு முன்பக்கம் திரும்பி வந்துவிட்டாள்.

"ஆச்சு. வா போலாம்" என்றாள் மாமியார், பஞ்சை விடாமல்.

"வலிச்சுதா அத்தை?"

"எறும்பு கடிச்சாப்ல இருந்துது. அவ்ளோதான்."

பஞ்சின் ஒரு முனை முறுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை விளக்குக்காக அகிலாவே தொடையில் வைத்துத் திரித்த திரி. முழுதாகத் திரித்து முடிப்பதற்குள் குழந்தை கூப்பிட்டாள் என்று பாதியில் டப்பாவில் போட்டிருந்தாள். இரண்டாவது தவணை முடிந்தது என்று அகிலாவின் போனில் செய்தி வந்து விழுந்தது. அதை அவள் மாமியாரிடம் காட்டினாள். மாமியார் தலையசைத்தாள். அன்று சாயங்காலம் சாமி அறையில் எரிந்த திரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏலவார்குழலி எதையும் வீணாக்குகிறவள் அல்ல.

ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று அகிலா யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்டு மாதத்திலிருந்தே காரணம் அவள் கண்முன்னால் இருந்தது.

அகிலாவின் கணவன் முத்துக்குமாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்றாவது வருஷம். தறியில் உட்கார்ந்தவன், வீங்கிய காலைத் தறிக்குழிக்குள் விட முடியாமல் எழுந்தவன்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சிறுநீரகம் மாற்றினால் மறுபடி மனுஷனாகலாம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, ஆகஸ்டில் மூன்று பேருமாகச் சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இதற்கென்று இருந்த பெண் இளவயதுக்காரி. சிரித்த முகம். அகிலாவைப் பார்த்துத்தான் முதலில் கேட்டாள்.

"உங்க குரூப் என்னம்மா?"

"ஓ."

"ஓ-ன்னா யாருக்கு வேணா குடுக்கலாம். வயசும் கம்மியா இருக்குது."

அகிலாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முத்துக்குமார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தன்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே ஜன்னலைப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் வாய் வரவில்லை. வீட்டில் விட்டு வந்திருந்த மகள் மகிழினியின் முகம் மனதில் வந்து நின்றது. குழந்தைக்கு ஒரு ஆளாவது முழுசாக இருக்க வேண்டாமா? அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பயம் முதலில் வந்ததா, குழந்தை முதலில் வந்தாளா என்று பின்னால் எத்தனையோ தடவை அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயம்தான் முதலில் வந்தது. குழந்தையை அது பிறகு கூட்டிக்கொண்டு வந்தது.

"பெத்தவ நான் இருக்கேன்ல" என்றாள் ஏலவார்குழலி. "அவ எதுக்கு? அவளுக்குச் சின்னப் புள்ள இருக்குது. என்னோடத எடுத்துக்கோங்க."

எல்லாப் பரிசோதனையும் ஒத்து வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு உடம்பா என்று டாக்டரே சொன்னார். பிப்ரவரி கடைசியில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. கொடுப்பவர், வாங்குபவர், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அதற்குள் கொரோனா ஊசி இரண்டும் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். மாற்றிய பிறகு கொடுக்கும் மருந்து உடம்பின் எதிர்ப்பையெல்லாம் அடக்கிவிடும், அதற்குப் பின் ஊசி போட்டும் அவ்வளவாகப் பிடிக்காது என்றார்கள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஏலவார்குழலி தலைக்குக் குளித்துவிட்டுக் குமரக்கோட்டத்துக்குப் போனாள். வந்தவள் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"முருகன் முன்னாடி நின்னு நேர்ந்துட்டேன். என் இடது பக்கம் இனிமே எனுது இல்ல. முத்துவோடது."

அன்றைக்கு டீயை விட்டாள். வெற்றிலையை விட்டாள். வெளியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முழங்கால் வலிக்குத் தினமும் போட்ட மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டாள். வலி வந்தால் விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"முத்துவுக்கு மூணு வயசுல முடி நேர்ந்து விட்டிருந்தோம்" என்று ஒருநாள் அகிலாவிடம் சொன்னாள். "தலை பூரா பேனு. புண்ணு. கொஞ்சம் கத்திரிச்சு விடுன்னு ஊரே சொல்லுச்சு. நேர்ந்த முடியில கத்தி படலாமா? திருத்தணி போற வரைக்கும் ஒரு மயிரு விழ வுடலே நான். குடுக்கிற பொருளு முழுசா இருக்கணும். பழுது பட்டதைக் கையில வாங்குவாரா சாமி?"

அகிலாவுக்கு அப்போது அது அழகாகக்கூட இருந்தது. ஒரு மனுஷி தன் உடம்பைச் சாமி நகைபோல் வைத்துக் காப்பது. அந்தக் காவலில் ஊசிக்கும் இடமில்லை என்பது அவளுக்கு டிசம்பரில்தான் உறைத்தது. அப்படியென்றால் செப்டம்பரில் பக்கத்து வீட்டுக்காரியோடு போய் வந்த முதல் ஊசி? அன்றும் கையில் பஞ்சு இருந்தது.

முத்துக்குமாருக்கு டயாலிசிஸ் நடந்தது செவிலிமேடு போகும் சாலையிலிருந்த ஒரு மையத்தில். காலை முறைக்குப் பக்கத்து நாற்காலி முனிசாமியுடையது. ஓரிக்கைக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டியவர், ஐம்பது தாண்டியவர். அவர் வாய் ஓயாது. முத்துக்குமாரின் இடது முன்னங்கையில், மிஷினுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் புடைத்து, தொட்டால் உள்ளே தேனீ அடைத்தாற்போல் அதிரும். அந்தக் கையில் வேறு ஊசி போடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. முனிசாமிக்கும் அப்படித்தான்.

"இடது கையை மிஷினுக்கு எழுதிக் குடுத்தாச்சு. வலது கையைக் கொரோனா ஊசிக்குக் குடுத்தாச்சு" என்பார். "இனிமே சோறு துன்ன காலைத்தான் நீட்டணும்பா முத்து."

"நீட்டுங்கண்ணே. உங்க வீட்ல அண்ணி ஒடச்சு அனுப்புவாங்க" என்பான் முத்துக்குமார். சிரிக்கும்போது அவன் உதடு வெளுத்திருக்கும்.

முகாமுக்கு அடுத்த நாள் அங்கே நர்ஸ் எஸ்தர் மிஷினை மாட்டிக்கொண்டே பேசினாள். ஏதோ புது வகை கொரோனா வந்திருப்பதாகச் செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

"நாங்கதான் ரெண்டு போட்டாச்சே சிஸ்டர்" என்றார் முனிசாமி.

"போட்டீங்க. ஆனா உங்க உடம்பு இருக்குது பாருங்க, அது மக்கு மாணவன். மத்தவங்க உடம்பு ஒரு தடவை அந்தக் கிருமியோட மூஞ்சியைக் காட்டினா ஞாபகம் வெச்சுக்கும். டயாலிசிஸ் உடம்புக்கு ரெண்டு தடவை காட்டினாலும் பாதி ஏறாது, ஏறினதும் சீக்கிரம் மறந்துடும். மூணாவது தடவை காட்டணும். வெளிநாட்ல காட்டுறாங்க. நமக்கு இன்னும் வரலே."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கூட இருக்கிறவங்கதான் வேலி. அவங்க ஒழுங்கா போட்டிருந்தா ஓரளவுக்குத் தடுக்கலாம்." எஸ்தர் அகிலா பக்கம் திரும்பினாள். "உங்க வீட்ல எல்லாருக்கும் ஆச்சாம்மா?"

குழாயில் ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. தெளிந்த குழாய் மெல்லச் சிவந்து மிஷினை நோக்கிப் போவதை அகிலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சு சிஸ்டர்."

"அம்மாவுக்கு?"

"நேத்துதான் ரெண்டாவது போட்டுக்கினு வந்தாங்க."

முழுப் பொய்யைச் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. மாமியாரின் பொய்யை மாமியாருக்காகச் சுமக்கிறோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உடனே அதற்குக் கீழே இருந்தது தெரிந்தது. ஊசியைக் கட்டாயப்படுத்தினால் அத்தை மிரண்டுவிடலாம். நேர்ந்த பொருளில் கறை பட்டுவிட்டது என்று சாமி முன்னால் நின்று அழுதுவிட்டு, கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அப்புறம் அந்தச் சிரித்த முகத்துப் பெண் மறுபடி கேட்பாள். உங்க குரூப் என்னம்மா?

பிப்ரவரி கடைசிவரைக்கும்தானே. அதுவரை ஒன்றும் ஆகாது. ஊரில் கொரோனா ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. கல்யாணங்கள் நடந்தன. சேலை எடுக்க ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது.

சொல்லியிருக்கலாம். அதற்கு இடமும் இருந்தது. தறியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற சேலைக்கு ஒருவர் கை போதாது. அகிலா குழியில் உட்கார்ந்து நெய்வாள். மாமியார் வலது பக்கம் உட்கார்ந்து கரைக்குரிய நூல் ஓடும் நாடாவைக் குறுக்கே போடுவாள். இவள் விட்ட இழையை அவள் இழையோடு கோர்த்து, பலகையை இழுத்து ஒரு அடி. மறுபடி கோர்த்து, ஒரு அடி. அவள் கை நின்றால் இவள் கை நிற்க வேண்டும்.

"அத்தை."

"ம்."

"ஊசி போட்ட எடம் வலி இருக்குதா?"

நாடா ஒரு கணம் தாமதித்து வந்தது. "இல்லையே. எதுக்கு?"

"கேட்டேன்."

"எனக்கு இன்னா ஆகப்போவுது. இரும்பு ஒடம்பு." மாமியார் இழையை இழுத்துப் பார்த்தாள். "நீ கரையைப் பாத்து நெய்யி. பல்லுப் பல்லா வருது."

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்ற பார்வையா அது? அகிலா குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தெரிந்துகொண்டும் பேசாமலிருப்பதில் இருவருக்குமே வசதி இருந்தது. மாமியாருக்கு நேர்த்திக்கடன் காப்பாற்றப்பட்டது. மருமகளுக்கு அவள் உடம்பு காப்பாற்றப்பட்டது.

ஜனவரியில் கொரோனா மறுபடி வந்தது. அறுபது வயதானவர்களுக்கு, அதிலும் நோய் உள்ளவர்களுக்கு, மூன்றாவது ஊசி போடுகிறார்கள் என்றார்கள். முத்துக்குமாருக்கு முப்பத்தாறு. முனிசாமிக்கும் அறுபது ஆக இன்னும் காலமிருந்தது.

"அறுபது வரைக்கும் இருந்து காட்டினா பரிசா குடுப்பாங்க போல இருக்குது" என்றார் முனிசாமி. மிஷின் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை.

பொங்கல் கழித்து ஏலவார்குழலி தும்மினாள்.

"பனி ஒத்துக்கலே" என்றாள். மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். மகனுக்கு அளந்து சோறு போட்டாள், உப்பில்லாத குழம்பை ஊற்றினாள், அவன் கையைத் தொட்டு அந்த அதிர்வு ஒழுங்காக இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுத்த நாள் அவள் நாடாவைப் போடும் கை பாதியில் நின்றது. அகிலா எழுந்து வந்து நெற்றியைத் தொட்டாள். அடுப்புக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

"மாத்திரை போடுங்க அத்தை."

"வேணாம்."

"டெஸ்ட்டாவது எடுக்கலாம்."

"எடுத்தா அவங்க தேதியைத் தள்ளி வெப்பாங்க. தூங்கி எழுந்தா சரியாப் பூடும். நீ சும்மா இரு."

அகிலா சும்மா இருந்தாள். முத்துக்குமாரின் பாயை மட்டும் எடுத்துத் தறிக்கூடத்தில் போட்டாள். அம்மா பக்கம் போகாதே என்றாள். ஆனால் இரண்டு நாளாக அம்மாவின் கையால்தான் அவன் வாங்கிச் சாப்பிட்டிருந்தான்.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஏலவார்குழலியின் விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கருவியைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது.

"வேக்சின் போட்டிருக்காங்களா?"

"ரெண்டும் போட்டாச்சு சார்" என்றான் முத்துக்குமார்.

"இல்ல" என்றாள் அகிலா.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எது?"

"போடலே சார். ஒண்ணுகூடப் போடலே."

டாக்டர் உள்ளே போன பிறகு முத்துக்குமார் மெதுவாகக் கேட்டான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"எப்போ?"

"டிசம்பர்ல."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவனுக்கு அந்தப் பதில் தெரிந்திருந்தது. ஆகஸ்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தெரிந்திருந்தது.

அவனுக்கும் வந்தது. தொற்று உள்ளவர்களுக்கென்று தனியாக, மற்றவர்கள் எல்லாம் போன பிறகு, அவனுக்கு டயாலிசிஸ் நடந்தது. எஸ்தர் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு வந்து மாட்டிவிட்டாள். கண் மட்டும் தெரிந்தது. அவனுக்குப் போட்டிருந்த இரண்டு ஊசியும் முழுதாக இல்லாவிட்டாலும் ஏதோ கொஞ்சம் பிடித்திருந்தது. இளைத்து, இருமி, எலும்பாகி, தப்பித்தான். முனிசாமி தப்பவில்லை. அவருக்கு எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. முத்துக்குமாரிடமிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஒரே அறையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், நாலு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள். அகிலா எஸ்தரிடம் அதைக் கேட்கத் துணியவில்லை.

மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து அவள் காமாட்சியை வேண்டினாள். அத்தையைக் காப்பாத்து தாயே. சொல்லி முடித்ததும் தன் வேண்டுதலையே ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். யாரைக் காப்பாற்றச் சொல்கிறாள்? அத்தையையா, அத்தையின் இடது பக்கத்தையா? இழைக்கு இழை பிரித்துப் பார்க்க முயன்றாள். பிரியவில்லை.

மூச்சு திரும்பியது. சிறுநீரகம் திரும்பவில்லை. காய்ச்சல் முற்றியிருந்த நாட்களில் அவள் சிறுநீர் வற்றிப்போய், அவளுக்கே இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. கழுத்தில் குழாய் சொருகி. எந்த உடம்பில் ஓர் ஊசி படக் கூடாது என்று காத்தாளோ அந்த உடம்பின் இரு கைகளும் நீலம் பாரித்துக் கிடந்தன. வீடு திரும்பியபோது பாதி ஆளாக இருந்தாள். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, இனி ஏறாது என்றார்கள்.

மார்ச்சில் சென்னைக்குப் போனார்கள். அதே பெண். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவோடத எடுக்க முடியாது. இனி அவங்களுக்கே ரெண்டும் வேணும்."

ஏலவார்குழலி அதைக் கேட்டு அழவில்லை. "ஒண்ணு கெட்டிருந்தா இன்னொண்ணை எடுத்துக்கோயேம்மா" என்றாள், கடைக்காரனிடம் பேரம் பேசுவதுபோல. "எனக்கு எதுக்கு? நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்?"

"அப்படிச் செய்ய மாட்டோம்மா."

அந்தப் பெண் அகிலாவைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தாள். முத்துக்குமார் எழுந்துவிட்டான்.

"வாங்க போலாம். பஸ்ஸுக்கு நேரமாவுது."

திரும்பும் வழியெல்லாம் அவன் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தான். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் அகிலா. புடைத்த நரம்பு அவள் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டே வந்தது.

வெயில் காலம் வந்தது. ஏலவார்குழலி மறுபடி தறிக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் நாடா போடுவாள், களைத்துச் சுவரில் சாய்ந்துகொள்வாள். டீ குடிக்கவில்லை இன்னும். நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை மட்டும் முத்துக்குமார் எதிரில் நின்று விழுங்க வைத்தான். ஏப்ரல் கடைசியில் முதல் ஊசியும், பதிவில் இரண்டும் ஆச்சு என்றிருந்ததை டாக்டர் சீட்டைக் காட்டிச் சரிசெய்து, அவன் கூட்டிக்கொண்டுபோய்ப் போட வைத்ததுதான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாளாம்.

ஒருநாள் பகலில், கரை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, அவள் கை நின்றது.

"நீ அன்னிக்கே பாத்துட்டே. இல்ல?"

அகிலாவின் கையும் நின்றது. "பாத்தேன்."

"பின்கதவாண்ட நின்னுக்கினு இருந்தே. உன் நெழல் தெரிஞ்சுது எனக்கு."

"அப்புறம் ஏன் அத்தை ஒண்ணும் கேக்கலே?"

"நீ ஏன் ஒண்ணும் சொல்லலே?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அகிலா மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"சொன்னா நீங்க குடுக்காமப் பூடுவீங்களோன்னு பயந்தேன்."

"நான் குடுக்காம இருப்பேனா? எம் புள்ளைக்கு?" ஏலவார்குழலி நூலின் முனையை விரலில் சுற்றிக்கொண்டாள். "அதுக்கு இல்லடி. நான் குடுக்கலேன்னா உன்னைக் கேப்பாங்கன்னு பயந்தே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அகிலாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஆமா" என்றாள்.

"ம்" என்றாள் மாமியார். "எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் நானும் வாயைத் தொறக்கலே. நீ பயந்துக்கினு இருக்கிற வரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் இதை நெஞ்சோம்."

பிறகு நாடாவை விட்டாள். அகிலா கோர்த்தாள். ஒரு அடி.

ஜூலையில் எல்லோருக்கும் மூன்றாவது ஊசி இலவசம் என்று அறிவித்தார்கள். மாதக் கடைசியில் டயாலிசிஸ் நடக்கும் இடத்திலேயே நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சேர்த்துப் போட்டார்கள். முத்துக்குமாருக்கும் அகிலாவுக்கும் பூஸ்டர். ஏலவார்குழலிக்கு இரண்டாவது. முனிசாமியின் நாற்காலியில் இப்போது கூரத்திலிருந்து வரும் ஒரு சின்ன வயதுக்காரன் உட்கார்ந்திருந்தான். புதுசு. கையில் தையல்கூட ஆறவில்லை.

"வலது கை" என்றாள் எஸ்தர் முத்துக்குமாரிடம். அவன் அதற்கு முன்பே நீட்டியிருந்தான். "இந்தத் தடவையாவது உங்க உடம்பு பாடத்தை ஒழுங்காப் படிக்குதான்னு பாப்போம்."

அவன் சிரித்தான். பக்கத்து நாற்காலியைப் பார்த்து எதையோ சொல்லத் திரும்பினான். அங்கே கூரத்துக்காரன் உட்கார்ந்திருந்தான்.

அடுத்து ஏலவார்குழலி உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையைத் தானே தூக்கிவிட்டுக்கொண்டாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஊசி இறங்குவதையும் எடுப்பதையும், அந்த இடத்தில் ஒரு புள்ளி ரத்தம் முளைப்பதையும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். எஸ்தர் வைத்த பஞ்சை அவள் அழுத்தவில்லை. அது கீழே விழுந்தது.

அகிலா முறை வந்தது. எல்லோரையும் கேட்பதைத்தான் எஸ்தர் அவளையும் கேட்டாள்.

"காய்ச்சல் ஏதாவது?"

"இல்ல."

"அலர்ஜி?"

"இல்ல."

"ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்குதா?"

அகிலா முத்துக்குமாரைப் பார்க்கவில்லை. அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னும் ஆகலே சிஸ்டர்."

எஸ்தரின் கை நின்றது. அவள் நிமிர்ந்து அகிலாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பஞ்சால் அந்த இடத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தாள்.

அப்படிச் சொன்னதும் பாரம் இறங்கும் என்று அகிலா நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ஆகஸ்டில் ஒட்டிக்கொண்ட நாக்கு இப்போதும் வறண்டுதான் இருந்தது. பயம் ஒரு இழைகூடக் குறையவில்லை. அத்தையைப்போல் எடுத்துக்கோங்க என்று நிமிர்ந்து சொல்லும் மனசு அவளுக்கு வரவே போவதில்லை. மனசு வராமலேயே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவளுடையது பொருந்துமா என்றுகூட இன்னும் யாருக்கும் தெரியாது.

செவிலிமேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முத்துக்குமார் அகிலாவின் பையை வாங்கித் தன் வலது தோளில் மாட்டிக்கொண்டான். ஊசி போட்ட தோள். வேண்டாம் என்றாள். அவன் கொடுக்கவில்லை.

சாயங்காலம் அகிலாவுக்கு உடம்பு கதகதத்தது. தோள் கனத்தது. அடுப்பில் டீயை வைத்து இறக்கினாள். அவனுக்கு எப்போதும்போல் அரை டம்ளர், அதற்கு மேல் தண்ணீர் ஆகாது. தனக்கு ஒரு டம்ளர். பக்கத்தில் காய்ச்சல் மாத்திரையைப் பிரித்து வைத்தாள்.

ஏலவார்குழலி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். சற்று நேரம் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை முகத்திலிருந்து மெல்ல இறங்கி அவள் இடுப்பின் இடது பக்கத்தில் வந்து நின்றது. முத்துவின் கையைத் தினமும் தொட்டுப் பார்க்கும்போது இருக்குமே, அதே கவனம்.

பிறகு கையை நீட்டினாள். அகிலாவின் டம்ளரை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தினாள். மாத்திரையையும்.

"இனிமே இதெல்லாம் உனக்கு வேணாம்மா" என்றாள். அத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படி இதமாக மாமியார் பேசியதில்லை. "நாளைக்குக் காலையில ரெண்டு பேருமா குமரக்கோட்டம் போயிட்டு வந்துடலாம்."

தறிக்கூடத்தில் முத்துக்குமார் அரை டம்ளர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

அகிலா டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்தாள். மாமியாரின் கண்ணைப் பார்த்தபடியே, சூடு ஆறுவதற்கு முன்பே, டீயை ஊற்றி விழுங்கினாள்.